மாமாவுக்குப் போகாத பந்து

எங்கள் அப்பா குள்ளம், மாமா நெட்டை. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் தெருவே சிரிக்கும். ஆனால் வாலிபால் வலையோரம் அவர்கள் போய் நின்றுவிட்டால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற பதமாக அப்பா பந்தைப் பத்து விரலாலும் வாங்கி மேலே தூக்கிவிடுவார். மூன்றே எட்டில் ஓடிவந்து மாமா எம்பி அடிப்பார். எதிர்ப்பக்கம் புழுதி கிளம்பும். அப்பா ஒருநாளும் மாமா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்ததில்லை. பந்து போகிற இடத்தில் மாமா இருப்பார், அவ்வளவுதான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவரும் அப்பாவும் ஒரே பஞ்சாலையில் தறி ஓட்டினார்கள். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் மில்லுக்குப் போகாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் எல்லோரும் தெருக்கோடிப் பொட்டலுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு சவுக்குக் கம்பம், மீன்பிடிக்கிறவர்களிடம் வாங்கிய பழைய வலை, சுண்ணாம்புக் கோடு, இதுதான் மைதானம். விசில் ஊத பக்கத்துத் தெரு சொல்தா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டம் தவறாதவர். எங்கள் ஆட்டத்தில் இடம் மாறுகிற வழக்கமில்லை. வலையோரம் நடுவில் அப்பா, அவருக்கு இடப்பக்கம் மாமா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எண்பதுகளின் தொடக்கம், மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. வேலை நின்றால் ஆட்டமும் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. காலையிலும் ஆட்டம், மாலையிலும் ஆட்டம். பந்தைக் கண்டாலே ஒதுங்குகிற தொப்பைக்காரர்கள்கூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெரு ஜனங்களுக்குத் திடீரென்று உடற்பயிற்சியில் இத்தனை ஆசையா என்று கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் பொட்டலுக்கு வராதவனைப் பற்றி மூன்றாம் நாள் பேச்சு வந்துவிடும். ‘அவன் எங்க போனான்? நிர்வாகத்தப் பார்க்கப் போனானா?’ அந்தப் பேச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் குதித்தார்கள். சங்கத் தலைவரும் அங்கேதான் ஆடுவார், அப்பா மாமா பக்கத்திலேயே, பின்வரிசையில். ஆடுகிறாரா, ஆள் எண்ணுகிறாரா என்று சொல்ல முடியாது.

சங்கத்தில் வசூலித்து வாங்கிய அரிசியை எங்கள் தெருவுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு அப்பாவுடையது. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாதம் குறைந்தது. நாலாம் மாதம் சுத்தமாக நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு அதில் மிச்சம். நான் முகம் சுளித்தால் அம்மா அடிப்பாள். அவளுக்குக் கைக்குழந்தை வேறு, என் தம்பி. எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பான். சனியன், வாயை மூடாதா என்று நானே திட்டியிருக்கிறேன்.

அந்த நாலாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமா வேலைக்குப் போய்விட்டார். பின்வாசல் வழியாக வேனில் போன எட்டுப் பேரில் அவரும் ஒருத்தர். பதினொரு மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானம் அவர் வீட்டுச் சுவரில் ‘கருங்காலி’ என்று யாரோ கரியால் எழுதிவிட்டுப் போனார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா பொட்டலுக்கு வருவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. வந்தார். குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றார். போடா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாரோ என்னவோ. சொல்தா விசில் ஊத, ஆட்டம் தொடங்கியது. பந்து பின்வரிசையிலிருந்து அப்பாவிடம் வந்தது. அப்பா தூக்கினார். மாமா மூன்று எட்டு ஓடிவந்து எம்பினார். பந்து அங்கே இல்லை. அப்பா அதை வலப்பக்கம், கையை வீசி ஈ ஓட்டவும் தெரியாத மில் ஸ்டோர் கீப்பரிடம் அனுப்பியிருந்தார்.

கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மாமா ஒவ்வொரு தடவையும் ஓடினார், எம்பினார், வெறுங்கையோடு இறங்கினார். எதிர்ப்பக்கத்துக்காரர்களும் அவர் இருக்கிற மூலைக்குப் பந்தை அனுப்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்திலிருந்து கத்தினேன்.

“அப்பா, மாமாவுக்குக் குடுப்பா!”

தலைவர்தான் பேசினார். சிரித்துக்கொண்டே பேசினார்.

“பாப்பா, யாருக்குக் குடுக்கணும்னு உங்கப்பனுக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

அப்போதுதான் கவனித்தேன். எல்லோரும் பந்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்தாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. ஆனால் அவர் என்ன செய்வார், பந்து கொடுக்காமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லையே.

மறுநாளும் மாமா வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஏழு நாள் வந்தார். ஏழு நாளும் அதே மூன்று எட்டு, அதே எம்பல். சும்மா நின்றுவிட்டுப் போகலாமில்லையா, ஏன் இந்த மனுஷன் இப்படிக் குதிக்கிறார் என்று எனக்கு முதலில் பாவமாக இருந்தது. நாலாம் நாள் சலிப்பாக இருந்தது. ஆறாம் நாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

எட்டாம் நாள் மறுபடி சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. காலையில் மாமாவின் மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன், கொல்லைப்பக்கமாக ஒரு மஞ்சள் துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினான். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சோறு. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆவி பறக்கிற வெள்ளைச் சோறு! அப்பா தட்டைப் பார்த்தார்.

“ஏது அரிசி?”

“சங்கத்துல குடுத்தாங்க” என்றாள் அம்மா, தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

அப்பா ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். நான் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் பொட்டலில் கூடினோம். பெரியவர்கள் வருவதற்கு முன் அது எங்கள் ராஜ்யம். பெரியவர்கள் கழித்துப் போட்ட ஒட்டுப்போட்ட பந்தை வட்டமாக நின்று, கீழே விழாமல் மேலே தட்டிவிடுவோம். யாருக்குத் தட்டிவிடுவது என்பது தட்டுகிறவர் இஷ்டம். மாமா மகனும் வட்டத்தில் வந்து நின்றான். எனக்கு அப்போது என்ன பேய் பிடித்ததென்று தெரியவில்லை. அவன் பக்கம் போக வேண்டிய பந்தை வேறு பக்கம் திருப்பினேன். அதைப் பார்த்து அடுத்தவளும் திருப்பினாள். ஐந்தே நிமிஷத்தில் வட்டம் முழுக்க விஷயம் பிடித்துக்கொண்டது. அவன் அவனுடைய அப்பா மாதிரியே கையைத் தூக்கித் தூக்கி நின்றான்.

“ஏய், எனக்கும் ஒண்ணு குடேன்” என்றான் என்னிடம்.

“உங்கப்பாவுக்கே எங்கப்பா குடுக்கறதில்ல. உனக்கு நான் குடுக்கணுமா?” என்றேன்.

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். இவ்வளவு நல்ல பதில் என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அப்போதுதான் ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது. வேலைநிறுத்தம் நடந்தாலும் சங்கு மட்டும் நேரத்துக்கு ஊதும்.

அன்றைக்கு மாமா கொஞ்சம் தாமதமாக வந்தார். தலை வாரியிருக்கவில்லை. அவர் இடத்தில் நின்றார். ஆட்டம் தொடங்கியது. மூன்றாவதோ நாலாவதோ பந்து அப்பாவிடம் வந்தது. ஸ்டோர் கீப்பர் வலப்பக்கம் தயாராகக் கையைத் தூக்கினார். அப்பா பந்தை இடப்பக்கம் தூக்கினார். பழைய உயரம், பழைய இடம், திரும்பிப் பார்க்காமல்.

மாமா ஓடவில்லை. கையைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தார். பந்து அவருக்கு இரண்டடி தள்ளி மண்ணில் விழுந்து உருண்டது.

“மாமா விட்டுட்டாரு!” என்று கத்தினேன் நான்.

மாமா குனிந்து பந்தை எடுத்தார். துண்டால் மண்ணைத் துடைத்தார். அப்பாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“எனக்குக் குடுக்கலன்னா போவுது மச்சான். எம் புள்ளைக்குமா?” என்றார்.

அவ்வளவுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“என்னப்பா, கை தவறிடுச்சா?” என்று தலைவர் கேட்டார். தப்பித்துக்கொள்ள அப்பாவுக்கு அவர் வழிவிட்டார் என்றுதான் இப்போது படுகிறது.

“இல்ல” என்றார் அப்பா. பந்தைக் கீழே வைத்துவிட்டு அவரும் வெளியே வந்தார்.

வேலைநிறுத்தம் பிறகு எப்படியோ முடிந்தது. உள்ளே போனவர்களும் போகாதவர்களும் அதே தறிகளுக்குத் திரும்பினார்கள். பொட்டலில் புது வலைகூடக் கட்டினார்கள். அப்பாவும் மாமாவும் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள். மாமா மகனுக்கு அந்த வட்டம் நினைவே இல்லையாம். கேட்டால் சிரிக்கிறான். எனக்குத்தான் மறக்கமாட்டேன் என்கிறது.

அப்பா காலமான பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். பட்டினியில் அவளுக்குப் பால் வற்றிப்போய், தம்பிக்குக் கூழ்த்தண்ணியை வடிகட்டிப் புகட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் காலை வேனில் ஏறிவிட்டார். உள்ளே போனவர்களுக்கு முதல் வாரமே நிர்வாகம் அரிசி கொடுத்தது. அந்த அரிசிதான் மஞ்சள் பையில் வந்தது. சங்கத்தில் அரிசி இல்லை என்பது அதைப் பங்கு பிரிக்கிற அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பொட்டலிலிருந்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த கவலையெல்லாம் அடி ஒன்றைப் பற்றித்தான். அப்பாவின் இடுப்பு பெல்ட்டையே பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஏன் அப்படிச் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்று இருந்தது. அம்மா மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி எங்கள் இருவருக்கும் வைத்தாள். அப்பா தட்டில் கைவைக்காமல் அதை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் நானே சாப்பிட்டேன்.