சிவப்பு மையில் ஒரு பிரமாணப் பத்திரம்

என் அக்கா நாடாளுமன்ற உறுப்பினர் ஆனதில் எனக்கும் பங்கு உண்டு என்று உறவினர்கள் சொல்லும்போது நான் அடக்கமாகத் தலையாட்டுவேன். ஆகாமல் போயிருந்தால் முழுப் பங்கும் எனக்கே வந்திருக்கும்.

விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை விளைவிக்கும் வீடு எங்களுடையது. அக்கா பக்கத்து ஊரான நகரிக்குப் பஸ் ஏறிப் படித்தாள். திருப்பதியில் ஒரு அரசுப் பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனவள், அங்கேயே பிரின்சிபால் ஆனாள். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, கோபம் வந்தால் இங்கிலீஷ். சாயங்காலம் ஊர் திரும்பும் மாணவிகளுக்குப் பஸ் விடச் சொல்லி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதில் அவளை வெளியே நாலு பேருக்குத் தெரிந்தது. ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் அவளுடைய திருச்சானூர் வீட்டுக்கே வந்து, சித்தூரில் நிற்கச் சொன்னார்கள். அரசு வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கும்போது ராஜினாமா செய்தாள். வேட்புமனு தள்ளுபடியானால் கல்லூரியும் இல்லை, தொகுதியும் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் காகித வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாரம் பூர்த்தி செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற வதந்தியை வடமாலபேட்டை வரை நானே பரப்பி வைத்திருந்தேன்.

மனு கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை. மதியம் மூன்று மணியோடு சரி. காலையிலேயே போய்விடலாமே என்றாள் அக்கா. எமகண்டம், குளிகை, ராகுகாலம் என்று வரிசையாகச் சொல்லி, ஒன்றரைக்கு மேல்தான் கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவன் நான். நடுவில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை காலியாக இருந்தது; அப்போதே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கலாம் என்று தோன்றவில்லை.

அன்று காரில் சித்தூருக்குப் போகும்போது, சந்திரகிரி தாண்டியதும் பின்சீட்டில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் எழுதி, முந்தின நாள் நோட்டரி பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக் கொடுத்த பிரமாணப் பத்திரம் அவள் மடியில் இருந்தது. அதில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னா பண்ற?"

"தப்பா கீதுடா. திருத்திக்கினு இருக்கேன்."

"நோட்டரி சீல் போட்ட பேப்பர்க்கா அது. உன் காலேஜ் பரீட்சை பேப்பர் இல்ல."

கையிலிருந்த பேனாவை யாரோ கொடுத்துவிட்டுப் போனதுபோல் பார்த்தாள். எத்தனையோ வருடப் பழக்கம். காகிதம் மடிக்கு வந்தால் பேனா தானாக வந்துவிடும்.

அடுத்த பத்து நிமிடம் நான் செய்தவை பெருமைக்குரியவை அல்ல. டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். பிறகு வேகமாகப் போகச் சொன்னேன். பிறகு நிறுத்தச் சொல்லி, அவருடைய தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தேன். சொந்தக் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாய் என்று அக்காவிடம் கத்தினேன். நான் முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பக்கத்தை நீட்டினாள். வழக்குகள் பற்றிய கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இங்க ஏன் காலியா வுட்ட?"

"உன் மேலதான் கேஸே இல்லியேக்கா."

"இல்லன்னா இல்லன்னு எழுதணும்டா. காலியா வுட்டா மனுவையே தள்ளிடுவாங்க."

என் தொழிலில் தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். ஆபீஸில் யாராவது நிரப்பிக்கொள்வார்கள். அதே தாராளத்தோடு ஆறு இடங்களில் விட்டிருந்தேன். பேனா மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

சித்தூர் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் எல்லாப் பக்கங்களையும் புதிதாக அடித்தோம். அங்கே உட்கார்ந்திருந்த பெண் அக்காவின் பழைய மாணவி. மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அவளை உட்கார வைப்பதற்கே ஒரு நிமிடம் போனது. அங்கிருந்த நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். மெஸ்ஸில் அவரைக் கண்டுபிடித்தபோது ரசத்தில் இருந்தார். மோர் முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். நானே மோர் வாங்கி ஊற்றி, அவர் விழுங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் கடைசி முத்திரையைக் குத்தும்போது மணி இரண்டு நாற்பது.

வேட்பாளரோடு நான்கு பேர்தான் உள்ளே போகலாம். கட்சிக்காரர்கள் நால்வர் போனார்கள். நான் போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று சோடா குடித்தேன். மூன்று அடித்து நெடுநேரம் கழித்து மாலையோடு வந்தவள், காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினாள்.

"வாங்கிக்கினாங்க. நாளைக்குத்தான் பரிசீலனை," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "பேப்பர நீட்டும்போது கை நடுங்கிச்சுடா. பரீட்சை ஹால்ல பொண்ணுங்க நடுங்கினா, படிச்சவளுக்கு இன்னா பயம்னு இத்தினி வருசமா திட்டிக்கினு இருந்தேன்," என்றாள்.

கிண்டலாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். அதற்குப் பதில் அவள் மாலையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்னைக் கூட்டிப் போகவில்லை, நியாயம்தான். வடமாலபேட்டையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அக்கா. எடுக்கத் தைரியமில்லாமல் அந்த வீட்டு அம்மாவிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் காதில் வைத்துக் கேட்டார்.

"ஒத்துக்கினாங்களாம்," என்றார். "இன்னாத்த சார் ஒத்துக்கினாங்க?"

பதில் சொல்வதற்குள் அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவர் மின்விசிறிக்குக் கீழே வரச் சொன்னார்.