பெட்ரோல் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

பெட்ரோல் பங்கில் டாங்க் மூடியைத் திருகும்போதெல்லாம் நான் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்பேன். பங்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். சத்தம் எதுவும் வரவில்லை என்று உறுதியானதும்தான் மூடியைக் கழற்றுவேன். அந்த மூடியின் மேல், நடுவிலிருந்து ஒரு விரல் தள்ளி, காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருக்கும். அதை வைப்பவர் என் பெரியம்மா.

பெரியப்பா இருந்தவரை அந்தப் பழைய வெள்ளைக் காரின் ஸ்டீயரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. பெரியம்மாவுக்கு எப்போதும் பின் சீட்டுதான். கதவை அடித்துச் சாத்தினால் அதற்கும் ஒரு முறைப்பு உண்டு. அவர் காலமான பிறகு காரை விற்றுவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் திருவானைக்கோவிலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய வயதில், மடிப்புக் கலையாத புடவையில், தாமே ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பக்கவாதத்தில் படுத்திருந்த என் அம்மா அவருடைய ஒரே தங்கை. அன்றிலிருந்து அந்த ஹாரன் சத்தம் கேட்டால்தான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கார் படுத்த ஆரம்பித்தது. வீட்டில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போனதும் திக்கித் திணறி நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வெறும் இருமல்தான். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தால், தானாக மனம் மாறிக் கிளம்பும். உறையூர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்பையும் பிரித்து மாட்டினார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று பம்பின் மேல் ஈரத்துணி போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் ஊற்றி அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சமர்த்தாக ஓடியது. கடைசியில் தயங்கித் தயங்கி, “வண்டியில ஒண்ணும் இல்லைங்கம்மா. சோக்கை இழுத்துட்டு மறந்துடறீங்களோ என்னவோ” என்று, கோளாறு ஓட்டுகிறவரிடம்தான் என்பது போலச் சொன்னார். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

சென்னையிலிருந்த அவருடைய மகன், என் அண்ணா, இதற்கும் ஒரு படி மேலே போனார். தன் அம்மாவின் பாதுகாப்பு பற்றிய கவலைதான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் போனில், “அப்பா ஓட்டினப்போ ஒரு நாளாவது நின்னிருக்கா?” என்று கேட்டாரே, அது எனக்கே சுருக்கென்றது. அடுத்த வாரம் வந்து காரை விற்றுவிடுவதாக முடிவாயிற்று. வாடகைக் கார் பிடித்துப் போய்க்கொள்ளலாமே என்றார்கள். பிறர் ஓட்டும் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்தே ஒரு ஆயுளைக் கழித்தவரிடம் அதைச் சொன்னார்கள்.

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று அவர் கிளம்பிய சனிக்கிழமை நானும் கூட இருந்தேன். எதிர்பார்த்தபடியே பாலத்தின் நடுவில் நின்றது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் இறங்கித் தள்ளி ஓரம்கட்டி, வியர்வையோடு இந்தக் கார் ஒழிந்தால் நல்லது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, “மாம்பழச் சாலையில பெட்ரோல் போட்டுண்டு வர அன்னிக்கு இது நிக்கறதே இல்லைடி. நீ கவனிச்சிருக்கியோ?” என்றார்.

பெட்ரோல் முள் வேலை செய்து பல வருஷம் ஆகியிருந்தது. டாங்க் காலியோ என்று நான் பின்பக்கம் போய் மூடியைத் திருகினேன். புஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். புது ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது போல, வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. “இப்ப போட்டுப் பாருங்கோ பெரியம்மா” என்றேன். ஒரே திருப்பு. கார் எதுவுமே நடக்காதது போல உறுமியது.

கையிலிருந்த மூடியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, காய்ந்து, ஒரு அடையே தட்டியிருந்தது. பெரியப்பா ஆயுத பூஜைக்குக் காரின் முகப்பில் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. பெரியம்மாவோ வெள்ளிக்கிழமைதோறும் மூடிக்கு வைத்தார், வண்டிக்கு ஆகாரம் போகிற வாய் அது என்று. இறங்கி வந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்த அடையைச் சுரண்டினார். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போக வேண்டிய வழி அதுதான். அது அடைபட்டால், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. பங்கில் மூடியைத் திறந்த நாளில் காற்று உள்ளே போய்விடும், மற்ற நாளில் கசிந்து கசிந்து நுழைய வெகுநேரம் ஆகும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “அவருக்கு நான் ஓட்டறது பிடிக்கலையோன்னு நெனச்சுண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை நிக்கறச்சேயும், கோச்சுக்காதேங்கோன்னு இன்னும் கொஞ்சம் சந்தனம் சாத்தினேன்.” சொல்லிவிட்டு அழுதார். நின்ற ஒவ்வொரு நாளும் அவர் இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறியவர் புத்தூர் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினார். அம்மா அன்று இரண்டாவது முறை சாதம் கேட்டாள்.

மறு வாரம் காரை விற்க வந்த அண்ணாவை ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரை பெரியம்மாவேதான் ஓட்டி அழைத்துவந்தார். பாலத்தைத் தாண்டும்வரை அண்ணா மூச்சுவிடவில்லை. வீட்டில் இறங்கும்போது கதவை அடித்துச் சாத்தினார் போலிருக்கிறது. “மெதுவாடா” என்று ஒரு முறைப்பு. விற்கும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. சாவியை யாரும் கேட்டு வாங்கவில்லை, ஒரு நாள் அவரே என் கையில் கொடுத்தார். நான் ஓட்ட, இன்று அவர் உட்காருவது முன் சீட்டில். வெள்ளிக்கிழமை சந்தனம் மட்டும் நிற்கவில்லை. பார்வை போதாததால், முதலில் இடது கை விரலை மூடியின் நடுவில் துளையின் மேல் வைத்துக்கொள்கிறார். பொட்டு அதற்குப் பக்கத்தில்தான் விழுகிறது. நேற்று பங்கில் மூடியைத் திருகினேன். சத்தமே இல்லை. முன் சீட்டிலிருந்து குரல் வந்தது: “என்னடி, கோவமா இருக்காரா?” இல்லை பெரியம்மா என்றேன்.