வெளிர் நீலத்துக்கு நான் பட்ட பாடு

ஹப்சிகுடாவில் வசிக்கிறேன். சர்ச் விற்பனைக்குப் பைகள் தைப்பதற்காக, என் கருநீலக் காட்டன் புடவையை பிளீச் கலந்த வாளியில் ஊறவைத்தேன். நான் ஆசைப்பட்ட வெளிர் நீலம் அப்படியே வந்தது. அந்தச் சந்தோஷத்தில், பாத்ரூம் தரையில் கறை போக ஆசிட் ஊற்றி வைத்திருந்ததை மறந்து, வாளித் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டேன். குப்பென்று நெடி கிளம்பி மூச்சை அடைத்தது.

"நக்கோ மம்மி, பாஹர் ஆவ்!" (வேண்டாம் மம்மி, வெளியே வா) என்று இந்த ஊர் இந்தியில் கத்தியபடி மகள் என்னை வெளியே இழுத்தாள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் விஷவாயு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் பிளீச் எடுக்கும் நாளில் ஆசிட்டைத் தொடுவதே இல்லை. பால்கனியில் கையுறை போட்டு, மணி பார்த்துத்தான் வெளுக்கிறேன். அப்படித் தைத்த பைகள் அத்தனையும் இந்த வருடம் விற்றுத் தீர்ந்தன.

"இந்தத் துணி எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கடையில கிடைக்காதுங்க, எங்க பால்கனியிலதான் கிடைக்கும்" என்றேன்.