ஒன்றரை மணிக்குப் பிறந்த பிள்ளை

என் மகள் பிறந்தபோது இரவு மணி ஒன்றரை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசவ அறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவளைப் பெற்றேன். அந்த அறையில் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஜூன் முடிந்து, ஜூலை பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ஜூன் முப்பது என்று இருக்கிறது. ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் இருந்தோம். முழுகித்தான் விட்டது.

அவள் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுகிறவள். தென்காசியில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியிலும் சர்பத் கடையிலும்தான். அவள் ஆடுவது நாலு சக்கரம் வைத்த ஷூவில், சிமென்ட் தரையில். பாட்டுக்கு ஏற்றபடி ஓடி, எழும்பி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தன ரவுண்டு ஓடணும்?" ரேஸ் இல்லை, ஆட்டம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "நூறு ரவுண்டு" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில்தான் பயிற்சி. சீசன் வந்து சாரல் விழ ஆரம்பித்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். தரை காயவே காயாது. நனைந்த சிமென்டில் சக்கரம் வழுக்கினால் இடுப்பு போய்விடும். அதனால் ஆடி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்குவோம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் வழவழவென்று மொசைக் தரை. சாம்பார் வாசனையும் ரசத்து வாசனையும் போகாத அந்தக் கூடத்தில்தான் என் மகள் இரட்டைச் சுழற்சி கற்றுக்கொண்டாள். விழுந்து விழுந்து அவள் முழங்கால் இருந்த நிறத்தைப் பார்த்து மண்டபத்துக் காவல்காரரே ஒரு நாள் மஞ்சள் வாங்கிக் கொடுத்தார்.

போன வருஷம் மாநில ஜூனியர் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பெண்களுக்கும் இந்த வருஷம் வயது தாண்டிவிட்டது. பயிற்சியாளர் என்னைவிடச் சின்ன வயசுக்காரர், அலட்டிக்கொள்ளத் தெரியாதவர். அவரே சொன்னார், "அக்கா, இந்த வருசம் நம்ம பிள்ளைதான். முதலாவதா வந்தா தேசியப் போட்டிக்கு டீம்ல எடுத்துருவாவ." என் மகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

ஜூனியருக்கு ஒரு விதி. ஜூலை முதல் தேதிக்கு முன்னால் பதினைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. முதல் தேதி அன்றைக்கே நிறைந்தால் பரவாயில்லை. அதாவது, நான் பெற்ற நேரப்படி அவள் உள்ளே. சான்றிதழ்ப்படி வெளியே.

பயிற்சியாளர் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நான் அவளுடைய ஆட்ட உடைக்குக் கல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, என்ட்ரி ரிஜெக்ட் ஆயிட்டு. வயசு ஒரு நாள் கூடுதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள்தான? எடுத்துச் சொன்னா விட்டுருவாவ."

"கம்ப்யூட்டர்லா அக்கா தள்ளுது. அதுகிட்ட யாரு எடுத்துச் சொல்லுதது?"

சில ஊர்களில் வேறு சான்றிதழ் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இப்போது சான்றிதழில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை போனில் பிடித்தால் உண்மை தெரிந்துவிடுமாம். ஆக, மற்ற பிள்ளைகள் பொய் சொல்லாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு, என் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல முடியாமல் செய்துவிட்டது. பதிவு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. சான்றிதழைத் திருத்திக் கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்றார்.

பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"தகவல் கொடுத்தவர் வந்து, தவறுதலா தேதி மாறிட்டுன்னு பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும் மேடம்."

"பெத்தவ நான் சொல்லுதேம்மா."

"நீங்க தகவல் கொடுத்தவர் இல்லையே மேடம்."

வலியைத் தின்றவள் நான். ஆனால் தகவல் கொடுத்தவள் நான் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அந்தப் பெண்ணின் வயிறு ஆறேழு மாதம் இருக்கும்போலத் தெரிந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்கலாம் என்றால் அந்த டாக்டரம்மா இறந்து வெகு காலமாகிவிட்டது. கட்டிடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. என்னிடம் இருந்த சீட்டில் வீட்டுக்கு அனுப்பிய தேதி மட்டும்தான் இருந்தது.

தகவல் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சுரண்டையில் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் அன்றைக்கும் பட்டாளத்தில், இன்றைக்கும் பட்டாளத்தில். எனக்கு வலி எடுத்தபோது கார் பிடித்துத் தென்காசிக்குக் கூட்டி வந்தவர் அத்தான்தான். வராந்தா பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பிறப்புப் படிவத்தை அந்த ஆஸ்பத்திரியில் உறவுக்காரர்களிடமே கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அவர் அப்போது போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். என் மகளுக்கு முதல் ஸ்கேட்டிங் ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

மகளையும் கூட்டிக்கொண்டு சுரண்டைக்குப் போனேன். அத்தான் மிக்சரும் காப்பியும் வரவழைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தேதி மாறலியேம்மா. பொழுது விடியதுக்கு முந்திப் பொறந்த பிள்ளைக்கு முந்தின நாள்தான கணக்கு. ஜாதகமும் அப்படித்தான எழுதியிருக்கு."

"கவர்மென்ட் கணக்கு வேறல்லா அத்தான். பன்னெண்டு மணிக்குத் தேதி மாறிரும்."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் ஸ்டேஷன்ல எழுதியிருக்கேன்."

"அங்கன எப்படி எழுதுனீங்க? ராத்திரி ஒன்றரைக்குக் களவு போனா எந்தத் தேதி போட்டீங்க?"

"மறுநாள் தேதிதான்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் அத்தான்?"

"அது களவாணிப் பயலுக்கு. இது நம்ம வீட்டுப் பிள்ளைல்லா."

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன். மிக்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காலில் விழக்கூடப் பார்த்தேன்.

"யம்மா, தவறுதலா எழுதிட்டேன்னு பத்திரத்துல சத்தியம் பண்ணச் சொல்லுத. நான் தவறுதலா எழுதலியே, தெரிஞ்சேதான் எழுதுனேன். எத்தனை கோர்ட்டுல கூண்டுல ஏறிருக்கேன். ஒரு பொய் சொன்னதில்ல. இந்த வயசுல பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லுதியா? அது போக, நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை வந்தா, ஜாதகம் ஒண்ணு சொல்லும், சர்டிபிகேட் ஒண்ணு சொல்லும். வாறவன் எதை நம்புவான்?"

என் மகள் அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "பெரியப்பா, ஜூனியர்ல இல்லைன்னா நான் ஆட முடியாது" என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் தலையைத் தடவினார். "ஏட்டி, நீ எதுல ஆடுனாலும் ஜெயிப்ப. பெரியவங்க கூட ஆடு. இன்னும் பேரு கிடைக்கும்லா."

அவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை. பஸ்ஸில் வரும்போது கணவருக்கு போன் போட்டேன். "அண்ணன் சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றார். போனை வைத்துவிட்டேன். நாலு நாள் அவர் அழைப்பை நான் எடுக்கவில்லை.

பதிவு முடிந்தது. சீனியரில் பெயர் கொடுத்தோம், வேறு வழி இல்லாமல். சீனியர் பிரிவில் பெண்கள் அநேகமாக இருப்பதில்லை. பெரிய வகுப்பு வந்ததும் படிப்பு என்று நிறுத்திவிடுவார்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். என் மகள் மூன்று மாதம் அந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டு ஆடினாள். எழுந்து பால் பாக்கெட் வாங்க நான் போகிற நேரத்தில் அவள் மைதானத்தில் நிற்பாள்.

போட்டி மதுரையில். போனோம். உடை மாற்றி, தலை சீவி, ஷூ கயிறு கட்டிய பிறகு போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் வந்து சொன்னார். சென்னைப் பெண்கள் வரவில்லையாம். ஒரே ஒருத்தி மட்டும் இருக்கிற பிரிவில் போட்டி நடத்தக் கூடாதாம். பதக்கமும் கிடையாது, தேர்வும் கிடையாது.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. சாப்பாட்டு இடைவேளையில வேணும்னா பாப்பா சும்மா ஆடட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவள் தலையாட்டிவிட்டாள்.

ஆடினாள். நடுவர் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஓரத்தில் பிள்ளைகள் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே களத்தின் ஒரு மூலையில் குறுக்கே நடந்தார். அவள் அத்தனை தாவலையும் எடுத்தாள். ஒன்றில்கூடக் கை தரையில் படவில்லை. மண்டபத்தில் ஒரு தடவைகூட முழுசாக வராத கடைசிச் சுழற்சி அன்றைக்கு வந்தது. முடித்துவிட்டு, வழக்கப்படி, காலி நாற்காலிகளைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். நான் கைதட்டினேன். பயிற்சியாளர் கைதட்டவில்லை, கழிப்பறைப் பக்கம் போய்விட்டார். அவர் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு நடந்த ஜூனியர் போட்டியில் முதலாவதாக வந்த பெண் இரண்டு தடவை விழுந்தாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டபோது என் வயிறு எரிந்தது. எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் அத்தான் வந்து சேர்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. பஸ் வழியில் நின்றுவிட்டதாம், வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"பிள்ளைக்கு முறை வந்துட்டா?"

"முடிஞ்சிட்டு பெரியப்பா" என்றாள் மகள்.

"அடடா. ஜெயிச்சியா?"

நான் வாயைத் திறந்தேன். இருந்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்றுதான் திறந்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னை யாரும் ஜெயிக்கல பெரியப்பா."

அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "நான் அன்னைக்கே சொன்னேன்லா, பெரியவங்க கூட ஆடுனா இன்னும் பேருன்னு" என்றார். பையிலிருந்து அல்வாப் பொட்டலத்தை எடுத்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

என் மகள் அதற்குப் பிறகு ஷூவைத் தொடவில்லை. அடுத்த வருஷம் சீனியரில் யாராவது வருவார்கள் என்று பயிற்சியாளர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "சரி சார்" என்பாள், போக மாட்டாள். இப்போது டியூஷனுக்குப் போகிறாள். டியூஷன் சுரண்டையில்.

சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அத்தான் ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். சக்கர ஷூவோடு அவள் நிற்கிற பெரிய படம். மாநில அளவில் முதலிடம் பெற்ற எங்கள் வீட்டுச் செல்வத்தை வாழ்த்துகிறோம் என்று எழுதி, கீழே அவருடைய பெயர், பதவி, ஓய்வு என்று அடைப்புக்குறிக்குள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அவள் பைக்குள் எதையோ தேடுகிறவளாகக் குனிந்துகொள்கிறாள். கழற்றச் சொல்லவா என்று ஒரு நாள் கேட்டேன். "என்ன சொல்லிக் கழற்றச் சொல்லுவ?" என்றாள்.

ஐப்பசி மழையில் கிழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மழை முடிந்து போய்ப் பார்த்தேன். நல்ல கனமான துணியாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை.