விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளி

அபர்டீன் பஜாரின் பழங்காசுக் கடையில், அம்மா விட்டுப்போன காசு முடிச்சை நான் அவிழ்த்ததும் விபூதி மணந்தது. இன்று இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட டெலானிபூர் குவார்ட்டர்ஸில், கடற்காற்றில் கறுத்துப்போகும் தாத்தாவின் வெள்ளி ரூபாய்களை, வெள்ளிக்கிழமைதோறும் விபூதி தொட்டு, விரல் சிவக்கச் சிவக்க, பளீரென்று ஆகும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பாள். பெட்டியடியில் அவள் கை படாமல் கிடந்தவற்றைப் பாகப்பிரிவினையில் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.

“பளபளன்னு இருக்கறத நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. கறுத்தது எனக்குப் போதும்.”

“நாணயமான மனுஷன்டா” என்று அம்மா சாகும்வரை அவரைச் சொன்னாள்.

கடைக்காரர் காசைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அரே பாய்சாப், தேய்ச்சுட்டீங்களே! காசு சேக்கறவங்க கறுப்பு படிஞ்சதத்தான் தேடி வாங்குவாங்க. இது வெறும் எடைக்குத்தான்.”

நாணயம் தெரிந்த மனுஷன், அம்மா.