இஸ்திரிக்காரரிடம் இருந்த சாவி

எங்கள் காருக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று மனைவியின் பீரோவில், மூன்றாவது தெருமுனை இஸ்திரிக்காரரிடம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் சுவாமி வரும் தெருவில் குடியிருந்தால்தான் இது புரியும். உற்சவ நாட்களில் புறப்பாட்டுக்கு முன்னால் தெருவில் ஒரு வண்டி நிற்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் ஊரிலேயே இருக்கமாட்டார். அதனால் எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக் கார் சாவிகள் இஸ்திரி வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பாவுக்குள் கிடக்கும். இஸ்திரிக்காரர் முன்பு கம்பெனி வேன் ஓட்டியவர். நேரம் வந்ததும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்திவிட்டு வருவார்.

அவருக்குக் கொடுப்பதற்காகவே போன வருடம் அந்த மூன்றாவது சாவியைச் செய்தேன். கொடுத்தபோது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இந்த வருடம் வைகாசி உற்சவத்துக்குப் பத்து நாள் முன்னால் என் சாவி காணாமல் போனது. சனிக்கிழமை மாலை செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்த ஞாபகம். ஞாயிறு காலை அங்கே இல்லை. சட்டைப் பைகள், சோபா இடுக்கு, காய்கறிப் பை, கடைசியில் அரிசி டப்பா வரை பார்த்தாயிற்று. மனைவிதான் கேட்டாள்: "நேத்து யாருங்க வீட்டுக்கு வந்தாங்க?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு மட்டும் சட்டென்று ஒரு முகம் வந்து நின்றது. சனிக்கிழமை மாலை இஸ்திரிக்காரர் துணி கொண்டுவந்திருந்தார். மூட்டையை அந்த ஸ்டாண்டின் மேல்தான் வைத்தார்.

அதன் பிறகு என் மூளை செய்த வேலையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவருடைய மகன் பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே கையில் ஒரு சாவி வைத்திருப்பவர் இன்னொன்றை எதற்காகத் திருட வேண்டும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் கணக்கு வாத்தியார். என் சட்டைப் பையில் மறந்துபோன சாக்பீஸ் துண்டைக்கூடக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தருகிற மனிதர் அவர்.

அன்றிலிருந்து காரைக் காப்பாற்றுவதே என் முழுநேர வேலையாயிற்று. ஸ்டியரிங்கைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினேன். முன்னால் என் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன். சாவி தொலைந்ததாகப் போலீசில் ஆன்லைனில் எழுதி வைத்தேன், இன்சூரன்ஸ்காரருக்குப் போன் செய்தேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னதன் பேரில் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, கார் சாவி செய்கிறவரை வீட்டுக்கு வரவழைத்தேன்.

அவர் ஒரு லேப்டாப்போடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகிவிட்டுச் சொன்னார்: "சாவிக்குள்ள ஒரு சிப் இருக்குது சார். வண்டி அதைப் பாத்துதான் ஸ்டார்ட்டே ஆவும். வீட்டுல இருக்கிற சாவி எல்லாத்தையும் கொண்டாந்துடுங்க. நான் இப்ப காட்டுற சாவியை மட்டும்தான் வண்டி ஞாபகம் வச்சுக்கும். மிச்சதெல்லாம் செத்துடும். கதவு தொறக்கும், வண்டி கெளம்பாது."

பீரோ சாவியைக் கொடுத்தேன். புதிதாக ஒன்று செய்யச் சொன்னேன்.

"இவ்ளோதானா சார்? வேற யார்கிட்டயாவது இருக்குதா?"

வாசலில் நின்று பார்த்தால் இஸ்திரி வண்டி தெரியும். அவர் யாருடைய புடவையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். எண்பது அடி நடந்தால் போதும். நான் சொன்னேன்: "இல்லப்பா, இவ்வளவுதான்."

அடுத்த நாள் சங்கிலியைக் கழற்றிப் பரணில் போட்டேன். மனைவி இரண்டு முறை கேட்டாள்: "அவருகிட்ட இருக்கிறதையும் குடுத்துப் பண்ணீங்களா?" அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். தினமும் அவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். "வணக்கம் சார்" என்பார். நானும் வணக்கம் சொல்வேன். திருடனுக்கு வணக்கம் சொல்கிற அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். அதைவிடக் கேவலமான நினைப்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

உற்சவத்தின் நான்காம் நாள் முசரவாக்கத்தில் ஒரு புதுமனை புகுவிழா. மனைவியும் நானும் ஸ்கூட்டரில் போயிருந்தோம். சாயந்திரப் புறப்பாடு அன்று கொஞ்சம் சீக்கிரம் என்பது எனக்கு நினைவில் இல்லை. நாங்கள் திரும்பியபோது தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கார்தான் நின்றது. எங்கள் கார். எதிர்வீட்டில் அன்று மண்டகப்படி, சுவாமி சரியாக அந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும். காரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். உள்ளே இஸ்திரிக்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து அதட்டிக்கொண்டிருந்தார். "யார் வண்டிய்யா இது? உன் கையில எப்படிச் சாவி வந்துது?"

"சார் வண்டிங்க. சாரேதான் குடுத்தாரு. இதோ சாரே வந்துக்கினு இருக்கிறாரு."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆவல?"

என் பேண்ட் பையில் புதுச் சாவி இருந்தது. என் கை அதன்மேல்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் ஒரு நொடியில் கார் கிளம்பிவிடும். கூடவே, அவருடைய சாவியை நான் சாகடித்தது அந்த இருபது பேருக்கும் தெரிந்துவிடும். மேளச் சத்தம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. நான் கையை வெளியே எடுக்கவில்லை.

சாவியை வண்டி ஏற்காதபோது டேஷ்போர்டில் விட்டுவிட்டு எரிகிற சிவப்பு விளக்கை இஸ்திரிக்காரர் பார்த்தார். வேன் ஓட்டியவருக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பையை, பைக்குள் இருந்த கையை. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"பேட்டரி படுத்துக்கிச்சுப்பா. நாலு பேர் வந்து தள்ளுங்க" என்றார் உரக்க.

"ஹாரன் அடிச்சுதே?" என்றார் ஒருவர்.

"ஹாரனுக்கு அது போதும், இன்ஜினுக்குப் போதாது. தள்ளுப்பா, சாமி வந்துடுச்சு."

தள்ளினார்கள். நானும் தள்ளினேன். பையில் புதுச் சாவி ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடித்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, தெரு முனையில் திருப்பி, மைதானத்தில் ஒரு மர நிழலாகப் பார்த்து நிறுத்தினார். தள்ளியவர்கள் சுவாமி பார்க்க ஓடிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம்.

அவர் சாவியை உருவி என்னிடம் நீட்டினார்.

"சாவி பண்ணவன் ஏதோ தப்புப் பண்ணிட்டான் போல" என்றேன்.

"இருக்கும் சார்."

போகத் திரும்பியவர் நின்றார். "சாவி காணோம்னு அம்மா சொன்னாங்க இல்ல சார், அந்த ஞாயித்துக்கெழம. ஒருவேளை துணியோட வந்துடுச்சோன்னு தெருவுல எல்லார் மூட்டையும் பிரிச்சுப் பாத்தேன். சாக்கடையில குச்சி வுட்டுக்கூடத் தேடினேன். கெடைக்கல." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கிடைக்காததற்கு மன்னிப்புக் கேட்பதைப்போல இருந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. "சரி, வாங்க, சாமி பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன். அவர் வரவில்லை, கரி அணைந்துவிடும் என்று வண்டிக்குப் போய்விட்டார்.

உற்சவம் முடிந்த மறுநாள் அவர் அந்தத் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். எல்லார் சாவியையும் அவரவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், இனிமேல் தன்னால் முடியாது என்று மட்டும் சொன்னார். என் பெயரை எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. எங்கள் துணிகளை இப்போதும் அவர்தான் தேய்க்கிறார். வாசலுக்கு வெளியே நின்று மூட்டையை நீட்டுகிறார், உள்ளே வருவதில்லை. தொலைந்த சாவி இன்றுவரை கிடைக்கவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார் இது, அடுத்த உற்சவத்துக்கு வண்டியெல்லாம் யார் எடுக்கிறது? நல்லாத்தானே இருந்தாரு, திடீர்னு ஏன் இப்படிப் பண்ணாரு? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"வயசாவுது இல்ல, அதான்" என்றேன்.

இஸ்திரிக்காரர் என்னைவிட ஐந்து வயது சின்னவர்.