இருமல் இல்லாத குரல்

எங்கள் செய்தி அலுவலகத்தில் அவளுக்கு ‘மூட்டை’ என்று பெயர். கேமரா, ஸ்டாண்ட், மைக் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு அலைவாள். படம் பிடிப்பது, ஒலிப்பதிவு செய்வது, எழுதுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவள் ஒருத்தியே. நாலு பேர் வேலையை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு அதற்கு மல்டிமீடியா என்று பெயர் வைத்த புண்ணியவான் என் கையில் இன்னும் சிக்கவில்லை. பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, கேமராவைத் தானே பழகிக்கொண்டவள். லீவு நாட்களில் குறும்படம் எடுப்பாள். “சம்பளம் வயித்துக்கு, படம் மனசுக்கு” என்பாள்.

பட்டறைப் புகையில் நுரையீரல் கெட்டுப்போன ஒரு வெல்டரை ஒருமுறை பேட்டி எடுத்தாள். பேச்சுக்குப் பேச்சு இருமல். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு இருமலாகத் துடைத்தாள். ஆசிரியர் பாராட்டினார். பிறகு தன் குறும்படத்துக்குக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, பேட்டியின் மூலப் பதிவை அழித்துவிட்டாள்.

வெல்டர் இறந்த பிறகு அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்து, கணவர் குரலைக் கேட்க வேண்டும் என்றார். ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார்.

“இது யாரும்மா? அவரு இருமாம நாலு வார்த்தை பேசினதில்லையே. அந்த இருமல வச்சுத்தான் அவரு வீட்டுல எங்க இருக்காருன்னே தெரிஞ்சுக்குவேன். இருமல் இருக்கிறதக் குடும்மா.”

மூட்டை முகத்தில் ஈயாடவில்லை. “அழிச்சிட்டேம்மா. என் படத்துக்கு இடம் வேணும்னு நான்தான் அழிச்சேன்.”

மிச்சம் இருந்தது ஒரு துண்டுதான். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வோம். வெட்டிய இடங்களை நிரப்ப உதவும். அதை மட்டும் குறும்படத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தாள். அது என்னவென்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடவிட்டாள். மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு வண்டி போனது. “போதும் ஐயா” என்று அவள் குரல் கேட்டதும் இருமல் வெடித்தது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த இருமல்.

அந்தம்மா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

“எவ்வளவு நேரம் அடக்கிட்டு இருந்திருக்காரு பாரு. டாக்டர் சொல்லிக்கூட அடக்கினதில்ல. நீ சொன்னியேன்னு, பாவம்.”

திட்டியிருந்தால் மூட்டை தாங்கியிருப்பாள். அந்தம்மா அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். குறும்படம் பாதியில் கிடக்கிறது. பேட்டிகளுக்கு இப்போதும் போகிறாள். யாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.